மேல்காற்றுக்கு ஒரு கிலோவாட்: சிறு காற்றாலை, மூன்றாண்டு அனுபவம்

காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் என்று கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பெரிய காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, அவற்றின் காலடியிலுள்ள எங்கள் தோட்டத்து வீடுகள், மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் இருண்டு கிடக்கும். அந்த ஆலைகளின் மின்சாரம் துணைமின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு வருவதோ கடைக்கோடிக் கம்பி, பனையோலை விழுந்து அறுந்தால் இரண்டு நாளுக்குக் கேள்வியில்லை. மின்சாரத்தைப் பறிக்கும் காற்றிலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன என்று 3 வீட்டுக்காரர்கள் சேர்ந்து 1 கிலோவாட் சிறு காற்றாலை ஒன்றை வாங்கினோம். கோபுரம், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் 4, இன்வெர்ட்டர் உட்பட ஏறக்குறைய இரண்டே கால் லட்சம் ரூபாய் ஆனது.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி இழையாலான 3 இறக்கைகள், பல்சக்கரம் இல்லாமல் நேரே சுழலும் நிலைகாந்த மின்னாக்கி, காற்று மிஞ்சும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தன்னைக் காத்துக்கொள்ளும் வால் என எல்லாம் சொன்னபடியே இயங்குகின்றன. ஆடியில் நாளுக்கு 6 யூனிட் வரை கிடைக்கிறது. காலை பத்து மணிக்கே பேட்டரி நிரம்பி, மிச்ச மின்சாரம் சுவரிலுள்ள மின்தடைச் சுருளில் வெப்பமாகக் கழிகிறது. ஈரத்துண்டைக் காயப்போட அதைவிட நல்ல இடமில்லை என்று வீட்டில் கண்டுபிடித்ததைத் தடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

கோளாறு இடம் பார்த்ததில்தான். விற்பனையாளர் வந்தது தை மாதம். அப்போது வீசியது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. பனைவரிசைக்குக் கிழக்கே கோபுரத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “ஏ தம்பி, மேகாத்துக்குப் பனை மறைக்கும்லா, அங்கிட்டுத் தள்ளி நடப்பிடாதா?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி” என்பதோடு பேச்சு முடிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலையே நிற்கிறது என்பதை விற்க வந்தவருக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆனியில், பனைகளைத் தாண்டி வந்த காற்று சுழித்துச் சுழித்து அடித்ததில் வால் நிலைகொள்ளாமல் ஆடியதே தவிர, மின்சாரம் பாதிகூட வரவில்லை. பிறகு பனைவரிசைக்கு மேற்கே 60 மீட்டர் தள்ளி, புது அடித்தளம் போட்டு நட்டோம். 48 வோல்ட் அமைப்பில் மெல்லிய கம்பி இழுத்தால் வழியிலேயே இழப்பாகிவிடும் என்பதால், தடித்த செம்புக் கேபிளுக்கும் சேர்த்து எங்கள் கையிலிருந்தே செலவு.

1 கிலோவாட் என்ற பெயரையும் நிதானித்துப் படிக்க வேண்டும். அது நொடிக்கு 11 மீட்டர் வேகக் காற்றுக்கான கணக்கு. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். மாசி, பங்குனியில் நாளுக்கு 1 யூனிட்டைத் தொடுவதே அரிது. பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவான 7.2 யூனிட்டிலும் பாதிக்கு மேல் எடுத்தால் அவற்றின் ஆயுள் குறையும் என்பதால், காற்றில்லாத இரண்டாம் நாளே மின்விசிறிகளை நிறுத்திவிட்டு விளக்குகளோடு நின்றுவிட வேண்டியதுதான். சென்ற ஆண்டு 330 வாட் சூரியத் தகடுகள் இரண்டைச் சேர்த்த பிறகே பங்குனி நிம்மதியாகக் கழிந்தது. தகடு இல்லாமல் இதை மட்டும் வாங்குவதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பனைக்குப் பிந்திய சேவைக்கு மதிப்பெண் கொடுக்க மனமில்லை. இரண்டாம் ஆண்டு ஆடியில், தேரிச் செம்மணலும் உப்புக்காற்றும் புகுந்து பேரிங் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. உதிரிபாகம் வரும் வரும் என்று 23 நாள், ஆண்டின் மிகச் சிறந்த காற்று வீணாக, இறக்கைகளைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தோம். கடைசியில் பொறுமையிழந்து, 6 பேர் கூடிக் கப்பி கட்டிக் கோபுரத்தைச் சாய்த்து நாங்களே பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது மோட்டார்களில் போடும் சாதாரண 6206 பேரிங். வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் அன்று மாலையே கிடைத்தது. கையோடு இன்னொன்றையும் வாங்கி, கிரீஸ் தடவிப் பாலித்தீன் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம்.