'வொய் நாட் மீ': பத்து வருடம் கேட்ட பிறகு

இந்த சிடியை வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது, டப்பாவின் மூடி கழன்று போய்விட்டது, ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது பத்துப் பாட்டையும் முழுசாகக் கேட்டுவிடுகிறேன். 1984-இல் வந்த ஆல்பம். பாடியது தி ஜட்ஸ், அதாவது அம்மா நயோமி ஜட்டும் மகள் வைனோனாவும்.

ஹிட் பாட்டுகளுக்காகத்தான் வாங்கினேன். 'மாமா ஹீஸ் க்ரேஸி', 'வொய் நாட் மீ', 'கேர்ள்ஸ் நைட் அவுட்', 'லவ் இஸ் அலைவ்' என்று நாலு பாட்டு அமெரிக்காவின் கிராமிய இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசைக்கான தரவரிசையில் முதலிடம் பிடித்தவை. முதல் ஒரு வருடம் இந்த நாலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் இரவு எதையும் மாற்றாமல் ஓடவிட்டபோதுதான் 'ஸ்லீப்பிங் ஹார்ட்' பிடிபட்டது. இன்றுவரை ஒட்டாதது 'எண்ட்லெஸ் ஸ்லீப்' ஒன்றுதான். அது 1958-இல் ஹிட்டான ஒரு பழைய பாட்டு, இவர்கள் நன்றாகவே பாடியிருக்கிறார்கள், ஆனால் மற்ற ஒன்பதோடு சேராமல் தனியாக நிற்கிறது.

சலிக்காததற்குக் காரணம், இதில் இரைச்சல் இல்லை. டான் பாட்டரின் அக்கூஸ்டிக் கிதார் முன்னால் நடக்கிறது, மற்ற வாத்தியங்கள் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கியே வருகின்றன. நயோமி நர்ஸாக வேலை பார்த்தவர். மருத்துவமனையில் அவர் கவனித்துக்கொண்ட ஒரு பெண்ணின் அப்பாதான் தயாரிப்பாளர் ப்ரெண்ட் மஹர், அவரிடம் தாங்கள் வீட்டில் பாடிப் பதிவு செய்த கேசட்டைக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பாட்டின் நெருக்கத்தை மஹர் ஸ்டூடியோவிலும் கெடுக்காமல் வைத்திருக்கிறார்.

தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். முன்னால் பாடுவது வைனோனாதான், அப்போது வயது இருபது, அந்தக் கனத்த குரல் எதில் கேட்டாலும் வந்துவிடும். அம்மாவின் குரல் அப்படியில்லை, மகளின் குரலோடு ஒட்டியே வருவதால் சாதாரண ஸ்பீக்கரில் கரைந்துபோகிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் மகள் ஒரு சொல்லை இழுக்கும்போது அம்மாவும் கூடவே இழுப்பது, மூச்சு விடும் இடம்கூட ஒன்றாக இருப்பது எல்லாம் தெரிகிறது. ஒரே வீட்டில் வருடக்கணக்கில் சேர்ந்து பாடினால் ஒழிய இது வராது என்று நினைக்கிறேன்.

2022 ஏப்ரல் 30 அன்று நயோமி இறந்துபோனார். மறுநாள்தான் இருவரையும் நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும் விழா. வைனோனா தங்கை ஆஷ்லியோடு மேடையேறி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு சில மாதம் இந்த சிடியை என்னால் தொட முடியவில்லை. முக்கியமாக 'மாமா ஹீஸ் க்ரேஸி'. தன்னை உயிராக நேசிக்கிற ஒருவனைப் பற்றி மகள் அம்மாவிடம் சொல்கிற பாட்டு அது, சொல்பவள் நிஜ மகள், கூடச் சேர்ந்து பாடுவது நிஜ அம்மா.

இப்போது மறுபடி கேட்கிறேன். அந்தப் பாட்டு வரும்போது மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், நயோமியின் குரல் ஒரு இடத்திலும் தவறிவிடக் கூடாது என்று.