ரெய்ம்ஸ் போகிறவர்களே, இந்த 290 யூரோ கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவோம். அவர்களுக்கும் அதுதானே வசதி.

பாரிஸ் போயிருந்தபோது ஒருநாள் பக்கத்து நகரமான ரெய்ம்ஸ் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஷாம்பெய்ன் என்கிற நுரைக்கும் வைனைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல அந்த ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ரோமானியர் காலத்தில் சுண்ணக்கல் வெட்டிய பள்ளங்களைத்தான் சில நிறுவனங்கள் பாதாளக் கிடங்காக்கி வைத்திருக்கின்றன. 2015-ல் இவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. என் வீட்டுக்காரருக்குக் குடிப்பதைவிட அங்கே நடக்கும் வேலையைப் பார்ப்பதில்தான் ஆசை. பாட்டிலைக் கழுத்து கீழாகச் சாய்த்து வைத்து, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலை மூடிப்பக்கம் இறக்குவார்களாம். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றுலா டிக்கெட் விற்கும் பெரிய இணையதளம் ஒன்றில் வாங்கினோம். பெயர் வேண்டாம். ரெய்ம்ஸில் ஒரு கிடங்கு, ஷாம்பெய்னுக்குப் பேர்போன இன்னொரு ஊரான எபெர்னேயில் ஒன்று, நடுவில் கார், மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து இருவருக்கு 290 யூரோ. நம் காசில் ஏறக்குறைய 30,000. பணம் கார்டிலிருந்து அந்த நிமிடமே போய்விட்டது.

அன்று இரவே, சுற்றை நடத்தும் ஏஜென்சியின் கைடு வாட்ஸ்அப்பில் வந்தார். குரல் பதிவு அனுப்பினார், அவ்வளவு பணிவு. "வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே 10 டிகிரிதான் மேடம், ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள்." படிகள் அதிகம், யாருக்காவது முழங்கால் வலி உண்டா என்று கேட்டார். சாப்பாடு சைவமா என்றார். ஆமாம் என்றதும், முட்டை சேர்ப்பீர்களா என்று தனியாக ஒரு செய்தி. முட்டையைப் பற்றிக் கேட்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? "பாவம், எவ்வளவு பொறுப்பான ஆள்" என்று என் வீட்டுக்காரர் உருகிப்போனார்.

வவுச்சரில் இருந்தது: ரெய்ம்ஸ் ரயில் நிலையம், முன்வாசல், காலை 10 மணி. அதற்கு முன்பே போய் நின்றோம். 10.20-க்கு ஒரு செய்தி: டிராஃபிக், நேராகக் கிடங்குக்கே வந்துவிடுங்கள், உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். சரி என்று டாக்சி பிடித்தோம், அது தனிச்செலவு. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் வவுச்சரை ஸ்கேன் செய்தாள், சிவப்பு விளக்கு. மறுபடி செய்தாள், மறுபடியும் சிவப்பு. பட்டியலை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஏஜென்சியோடு எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்றாள். அன்றைய ஆங்கிலச் சுற்றுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. கைடின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கையில் ஸ்வெட்டரோடு வெயிலில் நின்றோம்.

இனிதான் வேடிக்கை. இணையதளத்தின் சாட்டில் கேட்டால், "நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே, ஏஜென்சியைக் கேளுங்கள்." ஏஜென்சியைக் கேட்டால், "கைடு ஷாம்பெய்ன்-ஆர்டென் டிஜிவி (அதிவேக ரயில்) நிலையத்தில் காத்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை, வராதவர்களுக்குப் பணம் திரும்பாது." அந்த நிலையம் ஊருக்கு வெளியே, பெசான் என்ற இடத்தில் இருக்கிறது. வவுச்சரில் அந்தப் பெயர் எந்த மூலையிலும் இல்லை. காத்திருந்தவர் எதற்காக எங்களைக் கிடங்குக்கு வரச் சொன்னார்? அந்தச் செய்தியையே படமெடுத்து அனுப்பினோம். பழைய பதிலையே எழுத்து மாறாமல் ஒட்டி அனுப்பினார்கள். கடைசியில் "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு மெயில். அதற்குக் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி! 290 யூரோவை முழுங்கிவிட்டு நட்சத்திரம் வேறு வேண்டுமாம்.

மீதி நாளைப் பேராலயத்தில் கழித்தோம். 1211-ல் கட்டத் தொடங்கியது, பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய இடம். உள்ளே ஓவியர் ஷாகாலின் நீலக் கண்ணாடி ஜன்னல்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இலவசமாகக் கிடைத்தது மட்டும்தான் அன்று ஒழுங்காகக் கிடைத்தது. வாசலில் அந்தப் புகழ்பெற்ற சிரிக்கும் தேவதைச் சிலை. 1914-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் தீப்பிடித்துத் தலை விழுந்து, 1926-ல் திரும்ப ஒட்டினார்களாம். எங்கள் 290 யூரோ எந்த ஆண்டில் திரும்புமோ. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கிடங்குச் சுற்றை அந்தந்த ஷாம்பெய்ன் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பதியுங்கள், செலவும் குறைவு. வேறு எங்காவது வாங்கிவிட்டீர்களா, முதல்நாளே நிறுவனத்துக்குப் போன் செய்து பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரெய்ம்ஸுக்கு டிஜிவி நிற்கும் நிலையங்கள் இரண்டு, எது என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறோம். அந்தப் படிவத்தில் "சேவை கிடைக்கவில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "சேவையில் திருப்தி இல்லை" என்பதைத் தொட்டுவிடாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று அலையவிடுவார்கள்.