ஜிஆர்இ இரண்டாம் முறை: மூன்று வாரத்திலா, மூன்று மாதத்திலா, இதே மார்க்கோடா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் மேற்படிப்புக்குக் கேட்கப்படும் ஜிஆர்இ தேர்வை முதல் தடவை எழுதி முடித்ததும் திரையில் வந்த எண்ணை நான் மூன்று முறை படித்தேன். குவான்ட், அதாவது கணிதத்தில், 157. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் 163, 164 வாங்கியிருந்தேன். அன்று ராத்திரியே அடுத்த தேதிக்குப் பணம் கட்ட உட்கார்ந்தேன். கட்டாமல் எழுந்தது நல்லதாகப் போயிற்று. மறுபடி எழுதுவதா வேண்டாமா, எழுதினால் எப்போது என்பதையெல்லாம் அந்த 157-ஐ வைத்து முடிவு செய்ய முடியாது. காணாமல் போன அந்த ஆறேழு மார்க் எந்தக் கேள்விகளில் போனது என்று தெரிந்தால்தான் முடியும்.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தேர்வை நடத்தும் இடிஎஸ், எழுதியவருக்கு ஒரு கண்டறியும் அறிக்கையை இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு கேள்வியும் எந்த வகை, எவ்வளவு கடினம், சரியா தவறா, எத்தனை நேரம் எடுத்தோம் என்று அதில் பார்க்கலாம். மார்க் வந்த வருத்தத்தில் பலர் இதைத் திறப்பதே இல்லை. நான் திறந்தேன். இரண்டு குவான்ட் பகுதிகளில் முதலாவதில் 12 கேள்விக்கு 21 நிமிடம். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் நாலு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. அந்த மூன்றில் இரண்டு, சுலபமான கேள்விகள்.

இதன் விளைவு அந்த மூன்று கேள்வியோடு நிற்காது. முதல் பகுதியில் எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். முதலில் சறுக்கினால் சுலபமான இரண்டாம் பகுதி வரும். அதை நன்றாக எழுதினாலும் எட்டக்கூடிய உச்சம் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். எனக்கு நடந்தது இதுதான்.

<b>21 நாளா, மூன்று மாதமா</b>

இரண்டு தேர்வுக்கு நடுவே குறைந்தது 21 நாள் இடைவெளி வேண்டும். எந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கிலும் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது; மார்க்கை ரத்து செய்த தேர்வும் அந்த ஐந்தில் சேரும்.

மூன்று வாரத்தில் திரும்ப எழுதுவது யாருக்குப் பொருந்தும் என்றால், பாடம் தெரிந்தும் அன்றைக்குக் கோட்டைவிட்டவர்களுக்கு. அதிகாரபூர்வமான பவர்பிரெப் மாதிரித் தேர்வில் வந்த மார்க்குக்கும் உண்மையான மார்க்குக்கும் நடுவே ஐந்தாறு இடைவெளி இருந்து, அறிக்கையில் தவறுகள் நேரத்தாலும் அவசரத்தாலும் வந்தவை என்று தெரிந்தால், புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டினால் குறியிட்டுவிட்டு நகர்வது, கடைசி ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவது. ஒரே பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் விதியாகத் தெரிந்துவைத்திருந்தும் கை பழகாததால்தான் நான் அந்த ஒன்பதாவது கேள்வியிலேயே கிடந்தேன்.

ஒருவருக்கு மாதிரித் தேர்விலேயே 156, 157 தான் வந்துகொண்டிருந்தது என்றால் கதை வேறு. அவருக்கு 21 நாள் போதாது. அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள். மூன்று வாரத்தில் அவர் எழுதினால் 158 வரலாம், 155-உம் வரலாம். இந்தத் தேர்வின் அளவீட்டிலேயே சுமார் இரண்டு மார்க் ஏற்ற இறக்கம் உண்டு. 157-க்கும் 159-க்கும் நடுவே இருப்பது முன்னேற்றமா, அன்றைய அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக இன்னொரு கட்டணமும் இன்னொரு மாதமும் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படிப்பட்டவர் எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று மாதத்திலும் ஒரு ஆபத்து உண்டு: அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பது. தெரிந்ததையே படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும், மார்க் ஏறாது. தவறுகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, சரியான விடையை எழுதுவதோடு நிறுத்தாமல் ஏன் தவறினோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது இது: x² = 16; அ என்பது x, ஆ என்பது 4; எது பெரியது? நான் சமம் என்று குறித்திருந்தேன். x என்பது −4 ஆகவும் இருக்கலாம், ஆகவே தீர்மானிக்க முடியாது என்பதே விடை. ‘எதிர்ம எண்ணை மறந்தேன்’ என்று எழுதினேன். நோட்டு நிரம்பியபோது அதே வரி பதினோரு இடத்தில் இருந்தது. பதினோரு வெவ்வேறு கணக்குகள், ஒரே ஓட்டை.

வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறனில், குறைந்தவர்கள் நீண்ட வழியைத்தான் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று கோடிட்ட இடம் உள்ள கேள்வியில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மார்க். இரண்டு சரியாக இருந்தால் பூஜ்யம். ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் அப்படித்தான். அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்கு இங்கே பாதிப் பலன் கிடையாது. அந்த அரைகுறை மூன்று வாரத்தில் தீராது, தினமும் கனமான கட்டுரைகளைப் படித்துத்தான் தீரும்.

நான் இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். 164 வந்தது.

<b>இதே மார்க்கோடு விண்ணப்பித்தால்?</b>

இந்த வழியைத் தோல்வி மாதிரி பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் நீங்கள் குறித்துவைத்திருக்கும் பல்கலைக்கழகத் துறைகளின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2020-க்குப் பிறகு ஏராளமான துறைகள் ஜிஆர்இ-யைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டன. சில துறைகள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. பட்டியலில் முக்கால்வாசி அப்படி இருந்தால், மூன்று மாதத்தை எஸ்ஓபி எனப்படும் நோக்க விளக்கக் கட்டுரையிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் பேராசிரியர்களின் ஆய்வைப் படிப்பதிலும் போடுவது எத்தனையோ மேல்.

மார்க் கேட்கும் துறை என்றால், எந்த மார்க் என்று பார்க்க வேண்டும். வெர்பல், குவான்ட் இரண்டும் 130-லிருந்து 170 வரைதான் என்றாலும் ஒரே எண்ணுக்கு ஒரே மதிப்பில்லை. வெர்பலில் 160 வாங்கினால் எழுதியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைத் தாண்டிவிடுவீர்கள். குவான்டில் அதே 160 ஏறக்குறைய நடுவில்தான் நிறுத்தும். கணினி அறிவியலுக்குப் போகிறவர் வெர்பல் 151-ஐ நினைத்து மருகிக்கொண்டு குவான்ட் 160-ஐ விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உழைப்பு தவறான பக்கம் போகிறது.

மறுபடி எழுதி மார்க் குறைந்துவிட்டால் என்ற பயமும் சிலரை இந்த வழிக்குத் தள்ளுகிறது. அந்தப் பயத்துக்குப் பெரிய ஆதாரமில்லை. ஸ்கோர்செலக்ட் வசதியில் எந்த நாள் தேர்வை அனுப்புவது என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ஒரு நாளின் மார்க் மொத்தமாகத்தான் போகும். முதல் தேர்வின் வெர்பலையும் இரண்டாவதின் குவான்டையும் பிய்த்து ஒட்ட முடியாது. இரண்டு தேர்வையும் அனுப்பினால் சில துறைகள் ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்கின்றன, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

<b>ஜிமேட் பக்கம் போகலாமா</b>

ஜிமேட் மேலாண்மைப் படிப்புக்கான தேர்வு; அந்தப் படிப்புக்குப் போகிறவருக்கு மட்டும் இந்தக் கேள்வி. 2023 நவம்பரில் அறிமுகமாகி, 2024 பிப்ரவரியிலிருந்து பழையதற்குப் பதிலாக முழுமையாக நடப்பில் இருக்கும் புதிய ஜிமேட்டில் கட்டுரை இல்லை, வடிவியல் இல்லை. 45 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஜிஆர்இ-யில் கடினச் சொற்களால் மார்க் இழந்தவருக்கு இது உண்மையிலேயே நிம்மதி தரும். கணக்கில் கால்குலேட்டரை நம்பி இருந்தவருக்குத் தராது: ஜிமேட்டின் குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, தரவுப் பகுதியில் மட்டும்தான் உண்டு. கணக்கால் வீழ்ந்தவர் ஜிமேட்டுக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

<b>வீட்டிலா, மையத்திலா</b>

மறுபடி எழுதுவது என்று முடிவான பிறகு பலர் யோசிக்காத விஷயம் இது. கேள்வித்தாள் அமைப்பு ஒன்றுதான். ஆனால் வீட்டில் எழுதினால் சாதாரணத் தாளில் கணக்குப் போட அனுமதியில்லை; அழித்து எழுதும் சிறு வெள்ளைப் பலகையோ, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாளோதான். ஒரு கணக்கை அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டால், குறியிட்டுவிட்டு வந்த கேள்விக்குத் திரும்பும்போது பாதி வழி அழிந்துபோயிருக்கும். நேரத்தால் மார்க் இழந்தவர் மையத்துக்கே போவது நல்லது.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விண்ணப்பக் கடைசி நாள் டிசம்பர் 15 என்று வைத்துக்கொண்டால், அதிகாரபூர்வ மார்க் வர 8 முதல் 10 நாள், அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர இன்னும் சில நாள். ஆக நவம்பர் கடைசி வாரம்தான் உங்கள் கடைசித் தேர்வு. அதற்கு 21 நாள் முன்னால், நவம்பர் முதல் வாரத்துக்குள், முந்தைய முயற்சி முடிந்திருக்க வேண்டும். இன்று அக்டோபர் நடுப்பகுதி என்றால் மூன்று மாத வழி இந்த ஆண்டுக்குக் கிடையாது. மீதி வழிகளுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.