பில் புத்தகத்துக்குப் பதிலாக எங்கள் மசாலாக் கடைக்கென்றே செய்த மென்பொருள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்களுக்கு மசாலா மொத்தக் கடை. போன வருஷம் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை மிளகாய் மூட்டை போய் இறங்கியது. கார்பன் தாளின் மூன்றாவது பிரதியில் எழுத்தே விழவில்லை, லோரிக்காரர் போனில் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஏற்றிவிட்டார். அன்றுதான் அப்பா, சரி, கம்ப்யூட்டருக்கே மாறிவிடலாம் என்றார்.

முதலில் கடையில் தயாராக விற்கும் ஒரு மென்பொருளை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம், எங்களுக்குச் சரிவரவில்லை. ஒரே மல்லிக்கு மூட்டை விலை வேறு, கிலோ விலை வேறு, பழைய வாடிக்கையாளர் விலை வேறு. வயதானவர்கள் இன்னும் காத்தியில்தான் கேட்பார்கள், அது கிட்டத்தட்ட 600 கிராம். அப்புறம் ஒரு சின்ன நிறுவனத்திடம் எங்களுக்கென்றே செய்யச் சொன்னோம்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, வேலையைத் தொடங்கும் முன் நான்கு நாள் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். அப்பா கடன் கணக்கு எழுதும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கேட்டார்கள். கடன் வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா புள்ளி வைப்பார்: ஒரு புள்ளி என்றால் மாசக் கடைசியில் தானாகக் கொடுத்துவிடுபவர், இரண்டு என்றால் போன் போட வேண்டும், மூன்று என்றால் பழைய பாக்கி தீராமல் சரக்கு கிடையாது. அந்தப் புள்ளிகளை அப்படியே திரையில் கொண்டுவந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பக்கமே வராத மனிதர், தம் புள்ளிகளைப் பார்த்ததும் தாமே உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தார்.

2008 ஏப்ரல் முதல் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம், ஆனால் கார்டில் கட்டினால் அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் மென்பொருள் தானாகவே பிரித்துக்கொள்கிறது, இரவில் கல்லா எண்ணும்போது சில்லறை உதைப்பதே இல்லை. இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்துக்கு மின்வழியில் பில் அனுப்பும் முறை, 2024 ஆகஸ்ட்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களிடம்தான் தொடங்கியது, இருந்தாலும் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பும் வசதியை முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டோம்.

குறைகளும் உண்டு. தமிழில் பில் கேட்டோம், முதல் வாரம் கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்தன. ரசீது அச்சடிக்கும் அந்தச் சின்ன இயந்திரத்தில் தமிழ் எழுத்துருவே இல்லையாம், முழு பில்லையும் படமாக மாற்றி அனுப்பித்தான் சரிசெய்தார்கள், அதனால் இப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது, கூட்ட நேரத்தில் எரிச்சலாக இருக்கிறது. இன்னொன்று, வற்றல் மிளகாய் கிடங்கில் கிடந்தால் ஈரம் காய்ந்து எடை குறையும், 25 கிலோ மூட்டையைப் பிரித்து விற்றால் 25 கிலோ தேறாது. மென்பொருளோ இல்லாத மிளகாயை இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. சேதாரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துக் கொடுக்க ஆறு வாரம் இழுத்தார்கள், அதற்குத் தனிக் காசும் கேட்டார்கள். இது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் முதல் நாளே சொல்லியிருந்தோம்.

செய்யக் கொடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்: நாளை அந்த நிறுவனம் இல்லாமல் போனாலும் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் பாக்கிக் கணக்கும் எக்செல் கோப்பாக உங்கள் கைக்கு வர வேண்டும். நாங்கள் மாசம் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்கிறோம்.

சின்னச் சில்லறைக் கடைக்கு இவ்வளவு செலவு தேவையில்லை, தயார் மென்பொருளே போதும். கடன் வியாபாரமும் நாலு விதமான விலையும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் பிற்பகல் 3 மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் கடையில் கூட்டம் குறையும், அப்பாவே ஓட்டிக் காட்டுவார்.