தேரிக்காட்டுக்கு ஏற்ற மிதவை டாங்கி

பாளையங்கோட்டையில் முப்பரிமாண அச்சுக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, மேசைப் போர் விளையாட்டுக்கென்று தானே வடிவமைத்த மிதவை டாங்கிகளை விற்கிறார். அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்றுமெத்தைமேல் ஓடுவதாகக் கற்பனை செய்த டாங்கிகளின் பொம்மைகள் இவை. நூற்றில் ஒரு பங்கு அளவு. மூன்று டாங்கிகள் கொண்ட பெட்டி 1,400 ரூபாய்.

அரிசி ஆலைகளில் காற்று ஊதும் புளோயர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மிதவை வண்டி எது கையில் கிடைத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். பெரும்பாலானவற்றில் அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். காற்றே வெளிவராத வண்டி எப்படி மிதக்கும்?

இதில் அடியைச் சுற்றி ரப்பர் பாவாடை தொங்குகிறது. அதையும் விரல் விரலாகப் பிரித்திருக்கிறார். ஒன்று கிழிந்தாலும் மற்றவை காற்றைப் பிடித்துவைக்கும். 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த எஸ்ஆர்.என்1 மிதவைக்குப் பாவாடை கிடையாது. அது ஒரு சாண் உயரம்தான் எழும்பியது. காற்றை உறிஞ்சும் வாயை மேல்தட்டில் வைத்துச் சல்லடையும் போட்டிருக்கிறார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உமி அரித்து ஓரமெல்லாம் பல் பல்லாகிப்போன இம்பெல்லர்களை, அதாவது புளோயருக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் சக்கரங்களை, கழற்றிப் பார்த்தவன் நான். தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் குதிரைமொழித் தேரியில் இந்த வண்டி ஓடினால், தான் கிளப்பிய புழுதியைத் தானே விழுங்கும். சல்லடை இல்லாமல் முடியாது.

எடையிலும் நியாயம் இருக்கிறது. நம் அர்ஜுன் டாங்கி 58.5 டன். பத்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள அடிப்பரப்பில் அதைத் தூக்க, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் அழுத்தம் வேண்டும். இவருடைய விதி அட்டையில் 20 டன் என்று இருக்கிறது. அழுத்தம் அரை டன்னாகக் குறைந்துவிடுகிறது.

"தம்பி, சுட்டால் பின்னால் வழுக்கிக்கொண்டு போகுமே?" என்று கேட்டேன். "சுடும் முன் தரையில் உட்கார்ந்துவிடும், அண்ணாச்சி. மறுபடி எழும்ப ஒரு முறை ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்" என்றார். ஆடிப் பார்த்தால் இந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. சுடுவதா, ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. பீரங்கிக் குழாய் மிக மெல்லியது. சித்திரை வெயிலில் என் வண்டியின் பெட்டிக்குள் வைத்திருந்த டாங்கியின் குழாய் வளைந்துபோனது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன். பாவாடை ஓரத்தில், அச்சிடும்போது முட்டுக்கொடுத்த தாங்கிகளின் தழும்புகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருந்தது. விதி அட்டையில் சரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காற்றுமெத்தையில் நிற்கும் வண்டி மேட்டில் நிலைக்காது. அதனால் நாங்களே ஒன்று வகுத்துக்கொண்டோம்: தேரிச் சரிவில் மிதந்து நிற்கும் டாங்கியை ஒவ்வொரு முறையும் இரண்டு சென்டிமீட்டர் கீழே நகர்த்த வேண்டும்.