கடைக்கு ஐந்து நட்சத்திரம், அதன் இணையதளத்துக்கு இரண்டு

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை. தை மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனபோது அங்கே நுழைந்தேன். நான் கேட்கும் முன்பே கடைக்காரர் சேலையை முழுவதும் விரித்துப் போட்டார். முந்தானையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். "முதல் இரண்டு மூன்று தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள்" என்றார். விலையையும் தயங்காமல் சொன்னார். கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலையை மனைவிக்கு வாங்கிவந்தேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க எனக்கு யோசனையே இல்லை.

திருப்பூரில் இருக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று அரக்கு நிறத்தில் வேண்டும் என்றார். கடைப் பையில் இணையதள முகவரி அச்சிட்டிருந்தது. அக்காவின் கைப்பேசியிலேயே திறந்தோம்.

முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வந்தது. நாம் அனுப்பும் விவரத்தை வழியில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்தே இப்படி அடையாளம் காட்டுகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. "பணம் கட்டப்போகும் இடத்தில் இப்படியாடா எழுதியிருக்கும்?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முகப்பில் ஐந்து பெரிய படங்கள் தாமாக நகர்ந்துகொண்டே இருந்தன. அக்கா ஒரு வரியைப் பாதி படிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். அதில் ஒன்று, கோட்டு அணிந்த இருவர் கைகுலுக்கும் படம். செட்டிநாட்டுத் தறிச் சேலை விற்பவருக்கு அந்தப் படம் எதற்கு? தறியின் படம் ஒன்றுகூட இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது; அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எழுத்தைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். 22 ஆண்டுகள் ஒரு வார இதழில் பக்க வடிவமைப்புச் செய்தவன் நான். 'எங்களைப் பற்றி' பக்கத்தின் தலைப்பை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு கடையின் கணினியில் இருக்கும், வாங்குபவரின் கைப்பேசியில் இருக்காது. அங்கே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடந்தன. ஒழுங்காக வந்த பத்திகளிலோ வரிகளுக்கிடையே இடமே இல்லை. மேல்வரியில் 'ழு', 'கூ' கீழே இறங்க, கீழ்வரியில் 'கி', 'சீ' மேலே எழும்ப, இரண்டும் மோதிக்கொண்டன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே விட்டால் இதுதான் நடக்கும். போதாததற்கு வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதல் சொல்கிறது. அக்காவுக்கு 67 வயது, கண்புரை அறுவை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சேலை வாங்க வருபவர்களில் அவர் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

சேலைப் பக்கத்துக்கு வந்தோம். மடித்த சேலையை மஞ்சள் விளக்கடியில் எடுத்த ஒரே ஒரு படம். கடுகு மஞ்சளும் அரக்கும் ஒரே நிறமாகத் தெரிந்தன. முந்தானை இல்லை, எத்தனை மீட்டர் என்று இல்லை, ரவிக்கைத் துணி சேர்த்தியா என்றும் இல்லை. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'விலைக்கு அழைக்கவும்'. அழைக்கலாம் என்றால் தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் பொறித்திருந்தார்கள். தொட்டால் அழைப்புப் போகாது, நகலெடுக்கவும் முடியாது. திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பார்வையற்றவர் வைத்திருந்தாலும் அதற்கு அது வெறும் படம்தான். அக்கா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அழைத்தேன். அதே கடைக்காரர். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் வந்தன. கடைத் தாழ்வாரத்தில், பகல் வெளிச்சத்தில், சேலையை முழுவதும் விரித்து எடுத்தவை. முந்தானை தனியே, கரை தனியே, நூல் தெரியும்படி நெருக்கத்தில் ஒன்று. கீழே அளவு, விலை, அஞ்சல் செலவு, வந்துசேரும் நாள். இணையதளத்தில் நாங்கள் தேடியது அத்தனையும் அவர் கைப்பேசியில் இருந்தது.

அதை அவரிடமே சொன்னேன். தளத்தை யாரோ செய்துகொடுத்தார்களாம், அதன்பிறகு கைப்பேசியில் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். முதலில் எண்ணை எழுத்தாகப் போடுங்கள், பிறகு அந்த ஆறு படங்களை ஏற்றுங்கள், விலையைப் போடுங்கள், நகரும் படங்களை எடுத்துவிடுங்கள், மற்றவை மெதுவாக ஆகட்டும் என்றேன். எழுதிக்கொண்டார். அவர் திருத்தட்டும் என்றுதான் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. தளத்துக்கு நான் கொடுக்கும் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று, அதில் இருந்த எண் சரியான எண்ணாக இருந்ததற்கு. இன்னொன்று, அவர் எழுதிக்கொண்டதற்கு.

நான்காம் நாள் சேலை வந்தது. அக்கா அதை ஜன்னலோரம் பிடித்து, கைப்பேசியில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தார். அதே அரக்கு.