எட்டு மாதம் கட்டிப் பார்த்த ஃபிட்னஸ் பேண்ட்: நாடித்துடிப்புக்கு நம்பலாம், கலோரிக்கு வேண்டாம்

போன ஜனவரியில் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது, இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது என்றார் டாக்டர். எனக்கு 41 வயது, 158 செ.மீ. உயரம், அன்றைக்கு 78 கிலோ. என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து அவர் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த வாரமே 3,499 ரூபாய் கொடுத்து ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினேன். எந்த நிறுவனத்துடையது என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை மணிக்கட்டில் கட்டும் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு சுற்று நடப்பேன். ஒரு சுற்று சுமார் 2.5 கிலோமீட்டர், ஆக ஐந்து கிலோமீட்டர். எனக்கு 62 நிமிடம் ஆகும். நடந்து முடித்ததும் பேண்டில் பார்த்தால் 400, 410, சில நாள் 430 கலோரி என்று காட்டும். அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் காட்டுவேன். அவரும் மனசார மகிழ்ந்து, அரிசிம்பருப்பு சாதம் போடும்போது, "இவ்ளோ தூரம் நடந்துட்டு வந்திருக்கே கண்ணு, இன்னும் கொஞ்சம் நெய் விட்டுக்கோ" என்பார். நானும் விட்டுக்கொண்டேன். நடந்த கணக்கில் கழிந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

மூன்று மாதத்தில் 75 நாள் நடந்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரம் எடை பார்த்தால் 77.3. வெறும் 700 கிராம்தான் குறைந்திருந்தது.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வரவும் செலவும் ஒத்துவரவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அன்று ராத்திரியே ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. துல்லியமானதல்ல, எடை குறையக் குறைய அதுவும் மாறும். ஆனால் பிழை எங்கே என்று தேட அது போதும். நாளுக்கு 410 வீதம் 75 நாளுக்கு 30,750 கலோரி. அதாவது நான்கு கிலோ இறங்கியிருக்க வேண்டும். மீதி மூன்று கிலோவுக்கு மேல் எங்கே போனது?

முதலில் அந்த 410 எப்படி வருகிறது என்று தேடிப் படித்தேன். பேண்டின் அடியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதை அந்த வெளிச்சத்தை வைத்து எண்ணுகிறது. அதனால் நாடித்துடிப்பு என்பது அளந்து வரும் எண். கலோரி அப்படி இல்லை. துடிப்பு, கை அசைவு, நாம் பதிந்த வயது, எடை, உயரம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகித்துச் சொல்வது அது. ஒருவர் எவ்வளவு எரிக்கிறார் என்று நேராக அளக்க வேண்டுமானால் முகமூடி மாட்டி, மூச்சில் போய்வரும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை எடுத்து, 60 பேரை நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில், இருந்ததிலேயே நன்றாக அளந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. கடைசியில் வந்தது 93 சதவீதம். எங்கள் ஆலையில் ஒரு பதிவேடு 27 சதவீதம் தவறினால் அதை யாரும் பதிவேடு என்றே சொல்ல மாட்டோம்.

என் பேண்டையும் சோதித்தேன். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்திருந்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி நாடித்துடிப்பை ஒத்துப்பார்த்தேன். பத்து முறையில் ஒன்பது முறை இரண்டு மூன்று துடிப்புதான் வித்தியாசம். வார் தளர்ந்திருந்த ஒரு நாள் மட்டும் தப்பாகக் காட்டியது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் சரியாக இருக்கிறது. இந்த விஷயத்தில் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் துடிப்பு கூடுவதெல்லாம் உழைப்பு இல்லையே. மார்ச் 31 அன்று வருடக் கணக்கு முடிக்கும் பதற்றத்தில் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். துடிப்பு 100-ஐத் தொட்டது, அதைப் பெரிய உழைப்பாக எடுத்துக்கொண்டு கலோரியை ஏற்றிவிட்டது. ஏப்ரல் வெயிலில் அதே இரண்டு சுற்று, அதே 62 நிமிடம். துடிப்பு பத்து கூடுதலாக இருந்ததால் 60 கலோரி சேர்த்துப் போட்டது. சூட்டைத் தணிக்க இதயம் வேகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். கால் செய்த வேலை அதேதான். ஸ்கூட்டரில் திருச்சி ரோட்டில் வந்தால் நடக்காத அடிகளும் எண்ணிக்கையில் சேரும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்தால் கை அசையாததால் பாதி அடி காணாமல் போகும்.

இன்னொன்று, இதை வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் கண் விழித்ததும் பேண்டைப் பார்த்தால் ஏற்கெனவே 320 கலோரி "எரிந்ததாக" இருக்கும். அது பொய்யில்லை. மூச்சு விட, இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய உடம்பு சும்மா கிடந்தாலும் செலவழிக்கிறது. அதை எடை, உயரம், வயதை வைத்துக் கணக்கிடும், 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தின்படி எனக்கு அது நாளுக்கு 1,401 கலோரி. அந்த மணி நேரம் நான் நடக்காமல் படுத்திருந்தாலும் கிட்டத்தட்ட 60 முதல் 80 கலோரி போயிருக்கும். பேண்ட் அதையும் நடைக் கணக்கில் சேர்த்துத்தான் காட்டுகிறது. நாமோ மொத்தத்தையும் நடந்ததற்கான கூலியாக எடுத்துக்கொள்கிறோம்.

பேண்டை விட்டுவிட்டு, உடற்பயிற்சித் துறையில் பயன்படுத்தும் மெட் கணக்கைப் போட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், அதாவது கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நடப்பது சுமார் 3.5 மெட். உட்கார்ந்திருந்தாலும் போகும் ஒன்றைக் கழித்தால் 2.5. அதை என் 78 கிலோவால் பெருக்கினால் 195, இரண்டு நிமிடம் சேர்த்து 200 என்று வைத்துக்கொண்டேன். பேண்ட் சொன்னதில் பாதி!

75 நாளுக்கு 15,000 கலோரி. குறைந்த 700 கிராமுக்கு 5,390 போக, மீதி 9,610. அதை 75-ஆல் வகுத்தால் நாளுக்கு 128. ஒரு மேசைக்கரண்டி நெய் கிட்டத்தட்ட 120 கலோரி. நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை அன்போடு விட்ட நெய்யும் என் கணக்கில் இருந்த ஓட்டையும் அவ்வளவு சரியாகப் பொருந்தின. இதுவும் உத்தேசக் கணக்குதான், ஆனால் எடை பார்க்கும் மெஷினோடு ஒத்துப்போகிற உத்தேசம்.

எங்கள் குடியிருப்பு ஜிம்மில் உள்ள டிரெட்மில்லையும் பார்த்தேன். எடையைக் கேட்காமலே கலோரி சொல்கிறது. 50 கிலோ கல்லூரிப் பெண் ஏறினாலும் 95 கிலோ ஆள் ஏறினாலும் அதே வேகத்துக்கு அதே எண். கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் உழைப்பு குறையும், எண் குறையாது. அதை நம்புவதைவிட பேண்டே மேல்.

ஏப்ரலுக்குப் பிறகு பேண்டைக் கழற்றவில்லை, முகப்பில் இருந்து கலோரியை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது நேரமும் நாடித்துடிப்பும் அடிக்கணக்கும்தான் தெரியும். இந்த மூன்றும் நிஜமாகவே உதவுகின்றன. தொடக்கத்தில் இரண்டாவது சுற்றில் துடிப்பு 128 வரை போகும். ஆகஸ்டில் அதே வேகத்துக்கு 114. உடம்பு தேறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பொருள் என் வீட்டில் இல்லை. மழை பெய்து நடக்க முடியாத நாட்களில் அடிக்கணக்கைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறி இறங்குவேன்.

நெய்யை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தயங்கினேன். "டாக்டர் அளந்து சாப்பிடச் சொல்லியிருக்காருங்க அத்தை" என்றேன். அடுத்த நாள் அவரே ஒரு தேக்கரண்டியைக் கழுவி நெய்ச் சட்டியில் போட்டு வைத்திருந்தார். எடையைத் தினமும் காலையில் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் நோட்டில் எழுதுகிறேன். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது தண்ணீரும் உப்பும்தான் என்று அதில்தான் புரிந்தது. ஆகஸ்ட் கடைசியில் சராசரி 72.4. ஹெச்பிஏ1சி 5.8. எடை குறைந்துவிட்டதால் அதே நடைக்கு இப்போது 185 கலோரிதான் என்பதையும் கணக்கில் திருத்திவிட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 14 நாள் நிற்கும் என்ற பேட்டரி, துடிப்பை இடைவிடாமல் அளக்க விட்டால் ஆறு நாள் வருகிறது. ஜிபிஎஸ் இல்லாததால் ஐந்து கிலோமீட்டரை 5.6 என்றது, அடி நீளத்தை அமைப்பில் திருத்திய பிறகு 5.1. தமிழில் வரும் செய்திகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, அது வருத்தம்தான். வியர்வையோடு கட்டியே இருந்தால் தோல் சிவக்கிறது, குளித்ததும் துடைத்து அரைமணி கழற்றி வைத்தால் போதும்.

எடை குறைக்க நினைத்து இதை வாங்குபவர்கள் 3,499 கொடுக்க வேண்டியதில்லை. நாடித்துடிப்பும் அடிக்கணக்கும் காட்டும் 1,500 ரூபாய்ப் பொருளே போதும். மீதிப் பணத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்றும், எண்ணெய் அளக்க ஒரு செட் அளவுக்கரண்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.